முடியைத் தொடாத வலம்

மேற்குத் திபெத்தில் 6,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கயிலை மலையை இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் தொன்மையான போன் சமயத்தினர் என நான்கு சமயத்தாரும் தத்தம் நெறியில் புனிதமாகக் கொண்டு காலங்காலமாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் அதன் முடியில் மனிதர் ஒருவர் கால் வைத்ததாக இதுவரை பதிவு எதுவும் இல்லை. இத்தனை பேர் தேடிச் செல்லும் ஒரு மலையின் உச்சி இத்தனை காலமாகத் தீண்டப்படாமல் இருப்பதை மலையேற்ற வரலாற்றின் ஒரு தகவலாக மட்டும் குறித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. உயர்ந்த ஒன்றை அறிய வேண்டுமானால் அதன் உச்சியை எட்டித்தான் ஆக வேண்டுமா, எட்டாமல் நிற்பதும் ஓர் அறிதல் ஆகுமா என்ற பழைய தத்துவக் கேள்வி அங்கே கல்லும் பனியுமாகக் கண்முன் நிற்கிறது.

ஏறவில்லை என்பதற்கு ஏற முடியவில்லை என்று பொருள் கொள்வது எளிது; அது முழு உண்மை அன்று. 1926-இல் கயிலையைச் சுற்றி வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ ரட்லெட்ஜ், அதன் வடமுகம் ஏறுவதற்கு இயலாதது என்று கருதினார் என்றாலும், அதற்குப் பிந்தைய காலத்தில் மலையேற்றக் கலை அதைவிடக் கடினமான முகங்களையும் கடந்துவிட்டது. மானசரோவர் ஏரிக்குத் தெற்கே உள்ள குர்லா மாந்தாதா 7,694 மீட்டர் உயரமுடையது; கயிலையைவிட ஆயிரம் மீட்டர் உயர்ந்த அந்த அண்டைமலையின் உச்சியை 1985-இல் சீன, ஜப்பானியக் கூட்டுக் குழு அடைந்தது. புனிதம் உயரத்தால் வருவதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அதே எண்பதுகளில் கயிலை ஏற வாய்ப்பு அளிக்கப்பட்டபோது, எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் முதன்முதலில் ஏறி முடித்தவரான ரைன்ஹோல்ட் மெஸ்னர் அதை மறுத்துவிட்டார். 2001-இல் ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்றுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகச் செய்தி பரவியபோது பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஏற்றம் நடக்கவில்லை. ஆகவே கயிலையின் முடி தீண்டப்படாமல் இருப்பதற்கு மனிதரின் இயலாமையைவிட, வேண்டாம் என்று மனிதர் எடுத்த முடிவே பெரிய காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

ஏறுவதற்கு மாற்றாக அங்கே நிகழ்வது நடை. சுற்றி வருதலைத் திபெத்திய மொழியில் 'கோரா' என்பர். வட இந்திய மரபில் அது 'பரிக்கிரமா', ஆகமங்களின் வழக்கில் 'பிரதட்சிணம்'. தர்ச்சென் என்ற சிற்றூரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, மேற்குப் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கே சென்று, மலையின் வடமுகத்துக்கு எதிரே உள்ள திராபுக் மடாலயத்தை அடைந்து, அங்கிருந்து 5,600 மீட்டருக்கு மேற்பட்ட டோல்மா லா கணவாய்க்கு ஏறி, கீழே இறங்கி, கிழக்குப் பள்ளத்தாக்கிலுள்ள சுதுல்புக் மடாலயத்தைக் கடந்து மீண்டும் தர்ச்சென்னுக்கே வந்து சேருகிறது. மொத்தத் தொலைவு சுமார் 52 கிலோமீட்டர். இந்தியாவிலிருந்து செல்வோர் இதைப் பெரும்பாலும் மூன்று நாளில் முடிக்கிறார்கள். திபெத்தியரில் பலரோ விடியலுக்கு முன்பே இருட்டில் புறப்பட்டு அன்று இரவுக்குள் திரும்பிவிடுகிறார்கள். மறுபுறம், ஒவ்வோர் அடிக்கும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கை தொட்ட இடத்தில் எழுந்து நின்று மீண்டும் விழுந்து, மூன்று நான்கு வாரங்களில் இதே வட்டத்தை உடலால் அளந்து முடிப்பவர்களும் அவர்களிடையே உண்டு.

ஒரு நாளில் முடிக்கும் இந்த நடையை வெறும் உடல்வலிமையின் வெளிப்பாடாகக் காண்பது அதன் உட்பொருளைத் தவறவிடுவதாகும். பாதையின் வடக்குப் பகுதியில், கணவாய்க்குச் சற்று முன்பாக, சிவத்சல் என்ற இடம் இருக்கிறது. பழைய மகத நாட்டின் சுடுகாடு ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்த வெளியில் யாத்திரிகர்கள் தாம் உடுத்திய துணியில் ஒன்றையோ தலைமயிரையோ விட்டுச் செல்கிறார்கள். தன் பழைய வாழ்வைத் தானே அங்கே கிடத்திவிட்டுச் செல்வதாக அதற்குப் பொருள். அடுத்து வரும் டோல்மா லா, இரக்கத்தின் தெய்வமாகப் பௌத்தர் வணங்கும் தாராதேவியின் கணவாய்; அதைக் கடப்பது பழைய பிறவியிலிருந்து புதிய பிறவிக்குக் கடப்பதாகும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான் என்பதால், நான்கு அடி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்க வேண்டிய நிலையில், சாவைப் பற்றிய சமயக் கருத்து அங்கே ஏட்டில் படித்த பாடமாக இராமல் நெஞ்சுக்கூட்டின் அனுபவமாகவே ஆகிவிடுகிறது. காலையில் புறப்பட்டவர் உச்சிப்பொழுதில் இறந்து, மாலையில் பிறந்து, இரவில் வீடு திரும்புகிறார். ஒரு பகலுக்குள் ஒரு முழுச் சுழற்சியை அடக்கிவிடும் இந்த அமைப்பை, மூன்று நாள் பயணத்தில் கூடாரத்துக்கும் உணவுக்கும் இடையே சிதறவிடுவோர் இழந்துவிடக்கூடும்.

வட்டத்தின் தருக்கம் ஏற்றத்தின் தருக்கத்திலிருந்து வேறுபட்டது. ஏறுபவருக்கு ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கான கருவி. உச்சி ஒன்றே பயன். அதை எட்டாத நடை வீண் எனக் கணக்கிடப்படுகிறது. வலம்வருபவருக்கோ அப்படி எட்ட வேண்டிய புள்ளி எதுவும் இல்லை, ஏனெனில் அவர் புறப்பட்ட இடமே அவர் சேரும் இடம். 52 கிலோமீட்டர் நடந்து முடித்தபின் அவர் ஒரு மீட்டர்கூட உயர்ந்திருப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உச்சியில் நிற்பவர் கண்ணுக்குச் சுற்றியுள்ள எல்லா மலைகளும் தெரியும். தான் நிற்கும் மலை மட்டும் தெரியாது. சுற்றி வருபவருக்கு மலையின் முகங்கள் மாறி மாறித் தெரிகின்றன. கிழக்குப் பள்ளத்தாக்கில் நெடுந்தொலைவு அது தெரிவதே இல்லை, முன்னிற்கும் குன்றுகள் மறைத்துவிடுகின்றன. தெரியாத அந்தப் பகுதியிலும் மலை மையமாகவே இருக்கிறது, நடையின் திசையை அதுவே தீர்மானிக்கிறது. காணப்படாத ஒன்றைச் சுற்றித் தன் வழியை அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகக் கால்களுக்குக் கற்பிக்கும் பயிற்சி அரிது.

ஐரோப்பிய மரபில் இதற்கு எதிர்முனையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கா 1336 ஏப்ரலில் தெற்குப் பிரான்சின் வென்டூ மலையில் ஒரே பகலில் ஏறி இறங்கியதாகத் தம் கடிதத்தில் எழுதிய நிகழ்ச்சி. உச்சியிலிருந்து பார்க்கும் ஆசையைத் தவிர வேறு நோக்கமின்றி ஏறியதாகக் கூறும் அவர், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியில் புனித அகுஸ்தீனின் 'வாக்குமூலங்கள்' நூலைத் திறந்தபோது, மலைகளை வியக்கும் மாந்தர் தம்மை மறந்துபோவதைக் கடிந்துரைக்கும் பகுதி கண்ணில் பட்டு, பேசாமல் கீழே இறங்கியதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறார். மலைக்காட்சிக்காகவே மலை ஏறும் புதிய மனநிலையின் தொடக்கம் என்று பலர் கொண்டாடும் அந்தக் கடிதமே, உச்சியை எட்டியும் மனம் நிறைவடையாததைப் பதிவு செய்கிறது என்பதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.

தமிழ்ச் சைவம் இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் ஆழமாக எண்ணியிருக்கிறது. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடல் கயிலையைப் பெயர்த்தெடுக்க முயன்ற இராவணனையும், ஒன்பதாம் பாடல் சிவனின் அடியையும் முடியையும் தேடித் தோற்ற திருமாலையும் பிரமனையும் பாடும். ஒன்று மலையைக் கையால் தூக்க முயன்ற கதை, மற்றொன்று முடிவற்றதன் உச்சியைப் பறந்து அளக்க முயன்ற கதை. இரண்டும் தோல்வியில் முடிகின்றன, இரண்டிலும் தோற்றவர்களுக்கு அருள் கிடைக்கிறது. பெரும்பாலான பதிகங்களில் இவ்விரண்டையும் அடுத்தடுத்த பாடல்களில் நிறுத்தியது தற்செயலாக இருக்க முடியாது: அளக்கப் புகும் அறிவு அளவற்றதன் முன் எங்கே நின்றாக வேண்டும் என்பதே இரண்டின் பொருளும். சேக்கிழார் பாடிய காரைக்காலம்மையார் வரலாற்றில் இந்த எண்ணம் இன்னும் கூர்மை பெறுகிறது; கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சிய அம்மையார் தலையால் நடந்து ஏறினார், அவரைச் சிவன் தாயென்று அழைத்தார். அங்கே ஏற்றம் தடுக்கப்படவில்லை, மிதித்தல்தான் தவிர்க்கப்பட்டது.

இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் ஏறுவது எல்லாமே ஆணவம் என்றும் சுற்றுவது எல்லாமே பணிவு என்றும் பிரித்துவிடுவது நேர்மையாகாது. தென்கயிலை எனப் போற்றப்படும் வெள்ளியங்கிரியில் அடியார்கள் ஏழு மலைகளையும் ஏறித்தான் சிவனைக் காண்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவதே வழக்கம். மலையே இலிங்கமாகக் கொள்ளப்படுவதால், கார்த்திகைத் தீபத்துக்காக மலைமேல் பலர் ஏறியதற்குப் பின்னர் பிராயச்சித்த பூசை செய்யும் மரபு அங்கே இருக்கிறது. ஏறவும் செய்து, ஏறியதற்கு மன்னிப்பும் கேட்கும் அந்த வழக்கம் எந்தத் தத்துவ நூலும் எட்டாத நுண்மை உடையது. 1953-இல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய டென்சிங் நோர்கே அங்கே பனியில் இனிப்புகளைப் படையலாக வைத்தார். 1955-இல் கஞ்சன்ஜங்காவை ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். பூட்டான் அரசு 1994-இல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் ஏறுவதையும், 2003-இல் மலையேற்றம் முழுவதையும் தடை செய்தது. 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் இன்றும் ஏறப்படாமல் இருக்கிறது. ஏறுவோரிடையிலும் நிற்க வேண்டிய இடம் தெரிந்தவர்கள் உண்டு என்பதே இவற்றால் தெரிவது.

மறுபக்கம், வலம்வருவதிலும் வெல்லும் ஆசை நுழைந்துவிட முடியும். 'வலம்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு வலப்பக்கம் என்பதோடு வலிமை, வெற்றி என்ற பொருள்களும் இருப்பது இங்கே எண்ணத்தக்கது. குதிரை ஆண்டில், அதாவது திபெத்தியரின் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் ஒரு முறை வரும் ஆண்டில், செய்யும் ஒரு கோரா மற்ற ஆண்டுகளின் பதின்மூன்றுக்குச் சமம் என்ற நம்பிக்கை உண்டு. பதின்மூன்று முறை சுற்றியவர்க்கே உட்சுற்றுப் பாதை உரியது என்பதும், 108 முறை சுற்றினால் இப்பிறவியிலேயே விடுதலை என்பதும் அவ்வாறே. எண்ணிக்கை பெருகப் பெருகப் புண்ணியம் ஒரு சேமிப்புக் கணக்காக மாறும் இடர் இதில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. மிலரேபா என்ற பௌத்தத் துறவியும் போன் சமயத்து நாரோ போன்சுங்கும் இந்த மலை யாருக்கு உரியது என்று போட்டியிட்டதாகவும், மிலரேபா சூரியக் கதிரின்மேல் ஏறி முதலில் உச்சியை அடைந்து வென்றதாகவும் திபெத்தியப் புராணம் கூறுகிறது. உச்சியை வைத்தே வெற்றியை அளந்த கதையைச் சுற்றுவோரின் மரபும் சுமந்து நிற்கிறது; கதையிலும் அவர் காலால் ஏறவில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

அந்தப் போட்டியின் எச்சம் பாதையிலேயே இன்றும் தெரிகிறது. இந்துக்களும் பௌத்தர்களும் மலையை வலமாகச் சுற்ற, போன் சமயத்தினர் இடமாகச் சுற்றுகிறார்கள். ஒரே திசையில் நடப்பவர்கள் முன்னே செல்பவரின் முதுகைத்தான் காண முடியும். எதிர்த்திசையில் வருபவரோ அந்த வழியில் நடக்கும் எல்லோரின் முகத்தையும் பார்த்துவிடுகிறார். ஒரே மையத்தை ஏற்றுக்கொண்டவர்கள் வழியில் மாறுபட்டாலும் ஒருவரையொருவர் சந்திக்காமல் இருக்க முடியாது என்பதைச் சமய ஒற்றுமை பற்றிய எத்தனையோ உரைகளைவிட இந்த ஒற்றையடிப் பாதை நன்றாக நிறுவுகிறது. கயிலையின் முடி எவருக்கும் உரியதாகாமல் இருப்பதே நான்கு சமயத்தாரும் அதைச் சுற்றி நடக்க இடம் தருகிறது. ஒரு கொடி அங்கே நடப்பட்டால் அந்த இடம் போய்விடும். அதனால் அந்த முடி எக்காலத்தும் தீண்டப்படாமல் காக்கப்பட வேண்டும்.

உயரமும் குளிரும் தாளாமல் இந்தப் பாதையில் உயிர் நீத்த யாத்திரிகர்கள் உண்டு. உடல் இடம் கொடாமல் பாதி வழியில் திரும்பியவர்கள் அவர்களைவிடப் பலர். அவர்களின் பயணம் நிறைவேறவில்லை என்று சொல்லத் துணிவோர் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் வரலாற்றை மீண்டும் படிக்க வேண்டும். முதிய வயதில் கயிலையை நோக்கிப் புறப்பட்ட அவர், கால்கள் தேய்ந்தபின் கைகளால் ஊர்ந்து, பின் மார்பால் நகர்ந்து, அதுவும் இயலாதபோது புரண்டு சென்று, உடல் முற்றும் தளர்ந்த இடத்தில், அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவனால் பணிக்கப்பட்டு, மூழ்கி எழுந்தபோது திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்றும், அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. காவிரிச் சமவெளியில், மலை என்று சொல்ல ஒரு மேடும் இல்லாத அந்தத் திருவையாற்றில்தான் ஆடி அமாவாசைதோறும் அப்பர் கயிலைக் காட்சி விழா இன்றும் நடைபெற்று வருகிறது.