முன்பணத்துக்கு ஈடு மனிதனா?

மறுமை நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹுத் தஆலா அறிவித்திருக்கிறான். அவன் பெயரால் வாக்குக் கொடுத்துவிட்டு மோசம் செய்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவன் மற்றொருவன். கூலிக்கு ஆளை அமர்த்தி வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காமல் விட்டவன் மூன்றாமவன். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் கிதாபில் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார்கள். வியாபாரத்தைப் பற்றிய பாடத்தில் ஒரு முறை, கூலியைப் பற்றிய பாடத்தில் இன்னொரு முறை.

பயானில் இதைக் கேட்கும்போது முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நாம் அஞ்சுகிறோம். இரண்டாவது நம்மைப் பற்றியதல்ல என்று நிம்மதியாக இருந்து விடுகிறோம். மனிதனை விற்கும் சந்தை இன்று எங்கே இருக்கிறது? சவூதி அரேபியா 1962-லும் மவ்ரித்தானியா 1981-லும் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்துவிட்டன. மத்ரஸாவில்கூட அடிமைகளைப் பற்றிய மஸாயில் வந்தால் பழங்கதை என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறார்கள். ஆனால் விற்பதற்கும் கூலியை மறுப்பதற்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. மனிதனை யாரும் விற்கவில்லை. கூலியையும் அடியோடு மறுக்கவில்லை. ஆனாலும் அவனால் வாசலைத் தாண்டிப் போக முடியாது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மங்கலம், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் முன்பணம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தறிக்குடோனில் வேலைக்குச் சேரும் குடும்பம் மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு தொகை வாங்குகிறது. அதைத் திருப்பித் தரும் வரை வேறு தறிக்குப் போகக் கூடாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். கொங்கு நாட்டு விசைத்தறிகளில் காணும் இந்த வழக்கத்தை ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாத் தறியிலும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. தறி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பிறர் தரும் பாவு நூலுக்குக் கூலிக்கு நெய்பவர்களே. 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு அவர்களே தறிகளை நிறுத்தினார்கள். மேலேயிருந்து நெருக்கப்படுகிறவர் கீழே இருப்பவரை நெருக்குகிறார்.

தறி முதலாளி சொல்லும் நியாயத்தையும் கேட்போம். "எந்த பாங்கியும் தராத பணத்தை நான் தந்தேன். ஒரு பைசா வட்டி வாங்கவில்லை. வாங்கிய கடனை அடைக்காமல் ஓடுவது மார்க்கத்தில் ஆகுமா?" இது அற்பமான கேள்வி அல்ல. கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழ வைக்காமல், கடனை ஒருவர் பொறுப்பேற்ற பிறகே பெருமானார் (ஸல்) அவர்கள் தொழ வைத்தார்கள். கடன் அத்தனை கனமானது.

ஆனால் கடன் வேறு. கடனுக்கு ஈடு வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் வாற்கோதுமை வாங்கியபோது தமது போர்க் கவசத்தை ஈடு வைத்தார்கள். ஈடு என்பது பொருள். விற்கக் கூடியதைத்தான் ஈடு வைக்க முடியும். சுதந்திர மனிதன் பொருளல்ல, ஆகவே அவனை ஈடாகப் பிடிக்க இயலாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். அவன் தானே மனமுவந்து தன்னை ஈடு வைத்தாலும் செல்லாது. கடன் கொடுத்தவர் கடனைக் கேட்கலாம், தவணை வைக்கலாம். நெருக்கடியில் இருப்பவனுக்கு வசதி வரும் வரை அவகாசம் தருமாறு சூரத்துல் பகராவில் கட்டளை இருக்கிறது. ஆளைப் பிடித்து வைக்க அதில் இடமில்லை.

அடுத்து அந்த "வட்டியில்லா" என்ற சொல்லைப் பார்ப்போம். கணக்குக்காக ஓர் உதாரணம்: ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம். வெளியில் தாராளமாகப் போகக் கூடியவன் வாங்கும் கூலியைவிட இவனுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் குறைவு. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை என்றால் முப்பதாயிரம். ஐந்தாண்டில் ஒன்றரை லட்சம். பாக்கி மட்டும் அதே ஐம்பதாயிரமாக நோட்டில் நிற்கிறது! கடன் கொடுத்தவருக்கு அந்தக் கடனால் நிபந்தனையாகக் கிடைக்கும் ஆதாயம் ரிபா என்று நம் இமாம்கள் வகுத்திருக்கிறார்கள். குறைத்த கூலி ஆதாயமில்லாமல் வேறென்ன? பாங்கியில் வரும் நூறு ரூபாய் வட்டியைத் தொட அஞ்சி ஃபத்வா கேட்கும் நாம், இந்த ஒன்றரை லட்சத்தைக் கண்டுகொள்வதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், 1956-இல் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. கடனுக்கு ஈடாகத் தன் உழைப்பைக் கொடுத்தவனின் உழைப்பு மதிப்புக் கடனில் கழிக்கப்படாவிட்டால், அல்லது அந்த உழைப்புக்குக் காலமும் எல்லையும் குறிக்கப்படாவிட்டால், அது அடிமைத்தனத்தைப் போன்றது என்று அது வரையறுத்தது. இந்தியாவின் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அத்தகைய கடனையே ரத்து செய்தது. குறைந்த கூலி மட்டுமல்ல, வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழப்பதும் அச்சட்டப்படி கொத்தடிமையின் அடையாளமே.

"அவனாகத்தானே வந்தான்?" என்பார்கள். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: பசி தள்ளி வந்தவன் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைத்தால் அதுவும் கட்டாய உழைப்பே. 2000-ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட ஆள்கடத்தல் தடுப்பு உடன்படிக்கை, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்திச் சம்மதம் பெற்றால் அந்தச் சம்மதம் செல்லாது என்கிறது. இந்தியா 2011-இல் அதை ஏற்றது. நம் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே, அங்கே பெண் பிள்ளைகளைக் கட்டியது முன்பணம் அல்ல, பின்பணம். மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. நடுவில் போனால் அது கிடைக்காது. தன் கூலியே தனக்கு விலங்கானது!

இப்படி அந்நிய நாடுகளோடு சேர்ந்து சட்டம் செய்வது நமக்குப் புதிதா? நபித்துவத்துக்கு முன், மக்காவில் சரக்கு விற்ற யமன் நாட்டு வணிகருக்கு ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவர் பணம் தர மறுத்தார். அந்த வணிகருக்கு அங்கே சொந்த பந்தம் கிடையாது. அப்போது அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் பல கோத்திரத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்பதென்று ஒப்பந்தம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற அந்த ஒப்பந்தத்தில் இளைஞரான முஹம்மது (ஸல்) அவர்களும் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அதன் பெயரால் அழைத்தால் வருவேன் என்று பின்னாளில் கூறினார்கள். ஒப்பந்தம் செய்தவர்கள் எந்த மார்க்கத்தார் என்று அவர்கள் பார்க்கவில்லை.

நம் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் சங்கமும் நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் பெண்களின் பாதுகாப்புக்காக உடன்படிக்கை செய்தன. ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் உண்டென்று அந்தத் தொழிற்சாலைச் சரக்கைத் தடுத்தது. நிலைமை திருந்தியதென்று செப்டம்பரில் தடையை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைச் சட்டம் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டங்களின் கண் ஏற்றுமதிப் பனியன் கம்பெனியின் வாசல் வரைதான் நன்றாகத் தெரியும். வடமாநிலச் சந்தைக்குப் போகும் காடாத் துணியை எந்தச் சுங்கத்துறை நிறுத்தும்? அங்கே நம் சட்டமும் நம் ஈமானும்தான் காவல்.

வளைகுடாவில் கஃபீல் நம் பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் வீடே அழுகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ இங்கே வந்த பையனின் ஆதார் கார்டைக் கான்ட்ராக்டர் வாங்கி வைத்தால் "ஓடிவிடாமல் இருக்க" என்கிறோம். அவன் தாய்க்கும் அதே கண்ணீர்தான்.

ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் பிணைப்பிலிருந்து விடுபட வேண்டியவர்களும் கடன்பட்டவர்களும் அடுத்தடுத்து வருகிறார்கள். முன்பணத்தில் சிக்கிய தறிக் குடும்பத்துக்கு ஜகாத் கொடுக்கலாமா என்றால், ஏழைகள், கடன்பட்டவர்கள் என்ற வகையில் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தை நேரே முதலாளியிடம் கட்டி "மீட்பது" எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் ரத்து செய்த கடன் அது. குறைத்த கூலியில் பலமுறை அடைந்துவிட்ட கடனும்கூட. முதலில் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுத்து விடுவிப்புச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சமும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சமும் என அரசு உதவி உண்டு. முழுத் தொகை கைக்கு வர வழக்கு முடியக் காத்திருக்க நேரும். அந்த இடைவெளியில் அரிசிக்கும் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் ஜகாத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.