இரவல் சத்தம்

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குக் கடன் விண்ணப்பத்தோடு ஓர் இளைஞன் வந்தான். தறிக்காரர் மகன். தொழில் என்ற இடத்தில் 'கிதார்' என்று எழுதியிருந்தான். "என்ன வாசிப்பீங்க தம்பி, சினிமாப் பாட்டா?" என்று கேட்டேன். "இல்லை சார், ஹார்ட் ராக்" என்றான். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கடன் கிடைக்கவில்லை; அதற்கு விதிகள் இருக்கின்றன. சிரிப்புக்கு விதி ஏதும் இல்லை. அதனால்தான் அதன் காரணத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது.

'இது நம்முடையதல்ல' என்பதுதான் காரணம். புதுக்கவிதைக்கும் இதையே சொன்னார்கள். அப்போது நாம் வயலினைச் சாட்சிக்கு அழைத்தோம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்ட வாத்தியம் அது. இன்று அது இல்லாமல் கச்சேரி இல்லை. மாண்டலினுக்கு யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வந்தார். மரபின் தாராளத்துக்கு இவை உதாரணங்கள் என்பார்கள். எனக்கு இவை மரபின் நிபந்தனையைத்தான் காட்டுகின்றன. வயலினை ஏற்றோம், அது கொண்டுவந்த இசையை ஏற்கவில்லை.

கிதாருக்கும் இதுவே நடந்தது. 1970இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா, சென்னை ஐஐடியில் கப்பல் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். மின் கிதாரில் கீர்த்தனை வாசிப்பவர் என்றே இங்கே அவரைச் சொல்கிறோம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக அவர் 2006இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தொகுப்பை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஹெண்ட்ரிக்ஸின் 1968ஆம் வருடத்திய 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்ற பெயரைத் திருப்பிப் போட்ட தலைப்பு அது.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட்டிக் கோர்வை போட்டு ஒன்றாக்குவார்கள். பிரசன்னா செய்தது கோர்வை. நாம் மெச்சக்கூடியது. என் எதிரே நின்றவனோ கோர்வை கேட்கவில்லை. முழுக்க வேற்று நிறத்திலேயே நெய்ய விரும்பினான். இதற்கு அவனுக்கு உரிமை உண்டா?

அந்த இசையின் ஆதாரமே ஒரு பழுது. ஒலிபெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். 1964இல் லண்டன் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கரின் கூம்பைப் பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கினார். அந்த லண்டன் இளைஞர்களுக்கும் அது இரவல்தான்; அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸிலிருந்து வாங்கியது. நம் தம்பூராவிலும் தந்திக்கடியில் நூலைச் செருகி நாதத்தைக் கலங்க வைக்கிறோமே என்று சொல்லலாம். தறிச்சத்தத்தில் வளர்ந்த காது என்றும் சொல்லலாம். இப்படி உறவு கற்பித்து அவனுக்கு அனுமதி வாங்கித் தர எனக்கே ஆசை வருகிறது. ஆனால் அதுவும் அதே நிபந்தனைதான். தறிச்சத்தம் இல்லாததாலேயே அது அவனுக்குப் பிடித்திருக்கலாம்.

இது நயினாப் பிள்ளையின் (1889–1934) ஊர். அந்த ஸங்கீதத்தை இவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. உன்னுடையது என்று சொல்ல மட்டும் எல்லோரும் இருக்கிறோம். பாரம்பரியமாகப் பெற்றவனிடம் நேர்மைக்கு அத்தாட்சி கேட்பதில்லை. தேர்ந்துகொண்டவனிடம் கேட்கிறோம்.

போலி ஆகிற அபாயம் அவனுக்கு இல்லை என்று சொல்லவில்லை. பிறருடைய கோபத்தைப் பிறருடைய பாஷையில் வாசிப்பவன், இசைத்தட்டின் நகலாகவே முடிந்துவிடலாம். அந்த அபாயம் நம் கவிதைகளுக்கும் இருந்தது. பலவும் அப்படித்தான் முடிந்தன. இரவல் வாங்கியதனால் அல்ல, வாங்கியதற்கு உழைக்காததனால். எது எப்படி என்பது வாசித்துக் கேட்ட பிறகே தெரியும். நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்: அவன் இடது கை விரல்நுனிகள் காய்த்துப்போயிருந்தன. அதைப் பார்த்த பிறகும் நான் சிரித்த முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.