அழுகிய கீரையும் அணுவிரதமும்

இரவுண்ணாமையையும் கிழங்கு விலக்கையும் தவறாது காக்கும் நம் இல்லங்களில், வாங்கிய காய்கறி வீணாவதைப் பற்றி வினவுவார் அரியர். சென்ற திங்கள் என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் இரண்டு கட்டுக் கீரை அழுகிக் கிடந்தது. எனக்கு ஒரு கட்டே போதும். மூன்றாக எடுத்தால் விலை குறைவு என்றார் கீரைக்காரம்மா, எடுத்தேன். குறை அவர்மீதன்று.

உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில், அனர்த்த தண்ட விரதத்திற்குரிய அதிசாரங்கள் 5 கூறுகிறார். இறுதியானது, தேவைக்கு மிஞ்சி நுகர்பொருள் சேர்த்தல். பேராசை என்னாது, பயனின்றிச் செய்யும் தீங்கினுள் அதனை அடக்கியது சிந்திக்கத்தக்கது. கீரை ஓரறிவுயிர். பசிக்காகக் கொய்தல் இல்லறத்தார்க்கு விலக்கன்று. உண்ணாமலே அழுகவிட்டால் அக்கொலைக்குக் காரணம் யாது? அழுகலில் எண்ணற்ற சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றோடு சேர்த்தே குப்பையில் கொட்டினேன்.

எருவாக்கலாமே என்பர் சிலர். மண்ணுக்கு அது நன்றே. ஆயினும் கொய்த வினை அதனால் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்து பார்த்த பின்னரே பையை எடுக்கிறேன். நேற்று ஒரு கட்டு மட்டும் கேட்டேன். "ஒண்ணு போதுமா அம்மா?" என்றார் கீரைக்காரம்மா, சற்று மனத்தாங்கலோடு.