வந்த செய்தியை யாரிடம் கொண்டு போவது?



சூரத்துன்னிஸாவின் 83-வது வசனத்தில், பயமான ஒரு செய்தி காதில் விழுந்ததுமே அதை ஊரெங்கும் பரப்பிவிடுகிறவர்களை அல்லாஹ் கண்டிக்கிறான். அதை ஆராயத் தெரிந்தவர்களிடம் கொண்டு போயிருக்க வேண்டும் என்பது அந்த வசனத்தின் கருத்து. அங்கே வருகிற சொல் 'இஸ்தின்பாத்'. கிணறு தோண்டும்போது முதலில் ஊறும் தண்ணீருக்கு அரபியில் 'நபத்' என்பார்கள், அந்த வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. தோண்டினால்தான் தண்ணீர்.

2017 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் செய்திகள் சுற்றின. ஒரு தாய் என்னிடம், "ஹஜ்ரத், பிள்ளைக்குப் போடலாமா?" என்று கேட்டார். "எதுக்கும் பார்த்துக்கங்கம்மா" என்றேன். தெரியாது, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் தெருவில், "ஹஜ்ரத்தே வேண்டாம்னுட்டாங்க" என்று பேச்சாகிவிட்டது. வதந்திக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி!

உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். 2002-இல் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. பெரும்பாலானவர்கள் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். சொட்டு மருந்து குடித்தால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று வதந்தி. நம் சமுதாயத்தில் அது ஆழமாகப் பதிந்தது. "காய்ச்சலுக்கு மருந்தில்லை, சாக்கடை தூர்வார ஆளில்லை, இந்தச் சொட்டு மட்டும் ஏன் வாசல் தேடி வருகிறது?" என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? அதற்குப் பதில் இல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறியது.

பிறகு சுகாதாரப் பணியாளர்கள் திட்டுவதை விட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். மருந்து விடுபட்ட வீட்டுச் சுவரில் 'எக்ஸ்' என்று குறியிட்டு, மறுத்த வீடு எது, ஏன் மறுத்தார்கள் என்று எழுதிக்கொண்டு, திரும்பத் திரும்பப் போனார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிப்புச் செய்தார்கள். 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமி. அதற்குப் பிறகு இந்த நாட்டில் காட்டுவகைப் போலியோ யாரையும் தாக்கவில்லை. 2014 மார்ச் 27-இல் சான்றும் கிடைத்தது.

ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது அதே சொட்டை நாமும் மறுப்பேச்சில்லாமல் வாயில் வாங்கிக்கொள்கிறோம்!

நம் மஹல்லா குழுவில் மருந்து, ஊசி பற்றி எது வந்தாலும் பிறருக்கு அனுப்பாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். கேட்டவரைக் கேலி செய்ய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டு, அடுத்த ஜும்ஆவுக்குள் பதில் சொல்கிறேன். ஊசி விடுபட்ட பிள்ளைகள் இருந்தால் தொழுகை முடிந்ததும் பெயர் கொடுங்கள். அந்தத் தாயின் வீட்டுக்கு நானே போகிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.