சாலை வேண்டாம் என்று யார் சொல்வது?

வேப்பூரில் வளர்ந்தவனிடம் சாலையே இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் மனம் எளிதில் ஒப்பாது. எங்கள் ஊரே சாலை போட்ட சோறு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம், சேலம் என்று மேற்கே போகிற சாலையும் இங்கேதான் குறுக்கிடுகின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு முதல் நாள் இரவே வண்டிகள் வந்துவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் வைக்கோலுக்குள் படுத்தபடி எங்கள் ஊரைத் தாண்டிப் போகும். நள்ளிரவிலும் லாரிச் சத்தம் ஓயாது. இப்படி வளர்ந்தவர்களுக்கு இரண்டு வியாதி நிச்சயம். தெருமுனைக் கடைக்குப் போகவும் பைக்கை எடுப்பது ஒன்று. வண்டியே வராத ஊரில் போய் இருக்கமாட்டோமா என்று ஏங்குவது இன்னொன்று. எனக்கு இரண்டும் உண்டு.

அந்த ஏக்கத்துக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் முகவரி செர்மாட். சுவிட்சர்லாந்தில் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கிற ஊர். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரின் குழு முதன்முதலாக அந்தச் சிகரத்தைத் தொட்டது. ஏழு பேர் ஏறினார்கள். இறங்கும்போது நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஊரின் பெயர் இன்னும் பெரிதானதே தவிரக் குறையவில்லை. இன்று அங்கே பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதியில்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டாஷ் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். ஊருக்குள் ஓடுபவை சிறிய மின்வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான். ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நடைபாதைகள், திருப்பத்துக்குத் திருப்பம் நேரம் எழுதிய மஞ்சள் பலகைகள். நான் போனதில்லை, போகிற வசதியும் இல்லை. படங்களைப் பார்த்து வெகுகாலம் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்றுண்டு. செர்மாட்டுக்கு ரயில் 1891-லேயே வந்துவிட்டது. காரை வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பில் சொன்னதெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால். 1968-இல் அங்கே மீட்புப் பணிக்கென்றே ஒரு ஹெலிகாப்டர் நிறுவனமும் தொடங்கிவிட்டார்கள். பிரசவ வலி எடுத்தாலும், பாறையில் வழுக்கிக் கால் ஒடிந்தாலும் வந்து தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. வயிறு நிறைந்தவன் இலையில் மறுசோற்றை மறுப்பது மாதிரியான மறுப்பு அது. தவறென்று சொல்லவில்லை. நாகரிகமான மறுப்புதான். ஆனால் பசியோடு இருப்பவனின் காலி இலையையும் அதையும் ஒன்றாகப் பார்த்துவிடக் கூடாது.

காலி இலையை நான் கண்டது வெள்ளகெவியில். கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர். மேலே வட்டக்கானலிலிருந்து இறங்கலாம், கீழே கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து ஏறலாம். இரண்டும் ஒற்றையடிப் பாதை. நண்பர்களோடு மேலிருந்து இறங்கினோம். டால்பின் நோஸ் பாறைவரை சுற்றுலாக் கூட்டம் இருக்கிறது, ஆளாளுக்குச் செல்பி. அதைத் தாண்டியதும் கூட்டம் அறுந்துவிடுகிறது. பாதை செங்குத்தாக விழுகிறது. மரவேர்களே படி. சருகு மூடிய கல்லில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் முட்டி கணக்குக் கேட்கும். குளிர் மெல்ல விலகி, காபிச் செடிகள் தென்படத் தொடங்கின. நடுநடுவே பலா, மிளகுக் கொடி, கொடைக்கானல்காரர்கள் பட்டர் புரூட் என்று சொல்லும் மரம். எதிரே மூட்டை சுமந்த குதிரை வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். அதற்குத்தான் அங்கே முதல் உரிமை. அரிசி, சிமெண்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதன் முதுகில்தான் ஊர் போய்ச் சேரும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான்.

ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் கணக்கு. எல்லையில் நாங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வீடு இடைவெளியில் ஒரு கோயிலாவது தட்டுப்படுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், “கீழ என்ன சோலியா போறீக?” என்று கேட்டார்.

“சோலி இல்ல ஆத்தா, சும்மா நடந்து பாக்க வந்தோம்.”

“சும்மாவா?” என்று என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, “ஏத்தா, சும்மா நடக்க வந்திருக்காகளாம்!” என்று சொல்லிச் சிரித்தார். உள்ளேயிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. கேலியில்லை, நிஜமான வியப்பு. பின் எங்களுக்குக் கருப்பட்டிக் காபி கிடைத்தது.

அந்தக் காபியைக் குடிக்கும்போதுதான் டோலி பற்றிப் பேச்சு வந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் கம்பில் போர்வையைக் கட்டி, அதில் நோயாளியைக் கிடத்தி, நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமப்பார்கள். மேலே தூக்குவதா, கீழே இறக்குவதா என்பதை மழையும் நோயும் சேர்ந்து முடிவு செய்யும். நான் வழியெல்லாம் ரசித்துப் படமெடுத்த அதே வேர்ப்படிகளில்தான் அந்தச் சுமை. படிகளை அதற்குப் பிறகு அதே கண்ணோடு பார்க்க முடியவில்லை என்பது உண்மை.

இந்த மலைத்தொடரில் டோலிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் பங்களா கட்டிக் குடியேறினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலை வரும்வரை அவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பின்னால் வந்த துரைமார்களும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கூலியாட்கள் தோளில்தான் மேலே போனார்கள். பாதைக்கே கூலி காட் என்று பெயர். ஒரே மலை, ஒரே டோலி. சுமந்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. துரைகளுக்குச் சாலை வந்துவிட்டது. சுமந்தவர்கள் பக்கத்து ஊருக்கு நூறாண்டு ஆகியும் டோலிதான் வழியாக இருந்தது.

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தினால் பாரம் காணாமல் போய்விடாது, வேறொருவர் உடம்புக்கு மாறும். நம் நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி மாத்தேரான். மும்பைக்குப் பக்கத்து மலை ஊர். 1907-இல் சிறுரயில் வந்தது. 2003-இல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தார்கள். மோட்டார் வண்டிகள் ஊருக்கு வெளியே தஸ்தூரியிலேயே நின்றுவிட வேண்டும். காற்று சுத்தம், செம்மண் பாதை, குதிரைக் குளம்பொலி. இதற்கெல்லாம் நடுவே மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்தி மின்ரிக்‌ஷாவுக்கு மாறுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2025 ஆகஸ்டு ஆயிற்று. மின்ரிக்‌ஷா வந்தால் மாத்தேரானின் அழகு போய்விடும் என்று வருந்தியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவராவது ரிக்‌ஷா இழுத்திருப்பாரா?

நடக்கப் போகிறவர்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுக்கள் சிக்கின. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இளையவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகையைப் பார்த்து முதலில் ஓடியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். வெந்த உடம்புகளைப் போர்வையில் ஏந்திச் சுமந்து இறக்கியதும் அவர்கள்தான். நகரத்துக்காரனுக்கும் கடைசியில் அதே டோலி. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் தேர்ந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பழக்கி, இணையத்தில் முன்பதிவோடு திட்டம் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. கட்டணம் அதிகம் என்று நண்பர்கள் முணுமுணுக்கிறார்கள். வழிகாட்டிக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பது என் பதில்.

எங்கள் ஊரிலிருந்து வெள்ளகெவி தூரம். கல்வராயன் மலை அப்படியில்லை, சின்னசேலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அடிவாரம். மலையாளிப் பழங்குடிகள் வாழும் மலை. நாடு விடுதலையடைந்த பின்னும் ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்து, 1976-இல்தான் முழுதாக அரசுக் கைக்கு வந்தது. 2024-இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது, சாலையும் பள்ளியும் மருத்துவமனையும்தான் பேச்சாயின. ராசிபுரம் பக்கம் போதமலைக்கோ இப்போதுதான் சாலைப் பணி வந்திருக்கிறது. அதுவரை வாக்கு இயந்திரம் அலுவலர்கள் தலைச்சுமையாகவே ஏறியது. வேப்பூரில் கைகாட்டினால் பஸ் நிற்கும். மேற்கே ஒரு மணி, ஒன்றரை மணிப் பயணத்தில் இருக்கிற சில குக்கிராமங்களில் கர்ப்பிணிப் பெண் தேதி நெருங்கும் முன்பே அடிவாரத்து உறவினர் வீட்டுக்கு இறங்கிவிட வேண்டும்.

சாலை வந்தால் என்னென்ன வரும் என்று எனக்கும் தெரியும். ரிசார்ட் வரும், பிளாஸ்டிக் வரும், நிலத்தரகர் வருவார். கொடைக்கானலே அதற்குச் சாட்சி. வெள்ளகெவியின் செருப்பில்லா வழக்கம் சாலை போட்ட பிறகு எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலையைத் தீர்க்க வேறு வழிகள் இருக்கின்றன: வெளியார் வண்டியைத் தடுக்கலாம், ஆம்புலன்சுக்கும் ரேஷன் வண்டிக்கும் மட்டும் வழி விடலாம், நிலம் கைமாறுவதை நிறுத்தலாம். டாஷில் காரை நிறுத்தச் சொல்ல ஒரு நாட்டால் முடிகிறதென்றால் வட்டக்கானலில் நிறுத்தச் சொல்ல நம்மாலும் முடியும். எந்த வண்டியும் கூடாது, ஊர் அப்படியே படம்போல் இருக்கட்டும் என்று வேப்பூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து முடிவு செய்ய நமக்குத் தகுதியில்லை. அந்த மறுப்பு செர்மாட்டில் ஊர்க்காரர்கள் வாயிலிருந்து வந்தது. வெள்ளகெவியிலும் அப்படித்தான் வர வேண்டும், அதுவும் ஆம்புலன்ஸ் வந்த பிறகு.

நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம், வனத்துறை பாதைகளை மூடிவிடும்; திருட்டுத்தனமாக நுழையாதீர்கள். மற்ற நாளில் அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு, அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துப் போய்வாருங்கள். குதிரைக்கு ஒதுங்கி நில்லுங்கள். திரும்பி வந்து எழுதும்போது, சாலை இல்லாததுதான் இந்த ஊரின் அழகு என்று மட்டும் எழுதாதீர்கள்.