தரைக்கு அடியில் யாருக்காக?

கான்கிரீட் இறுகிய பிறகு தரையைப் பார்த்தால், உள்ளே ஒழுங்காகப் போட்ட கேபிள் குழாயும் ஏனோதானோவென்று போட்ட குழாயும் ஒன்றுபோலத்தான் தெரியும். எலெக்ட்ரிகல் காண்ட்ராக்ட் செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. இரண்டிலும் மோட்டார் ஓடும். இரண்டுக்கும் பில் பாஸாகும்.

வித்தியாசம் தெரிவது பல வருஷம் கழித்து. கோவையில் ஒரு லேத் பட்டறையில் புது மெஷினுக்காகக் கேபிளை மாற்ற வேண்டியிருந்தது. பழையது அசையவே இல்லை. தரையை உடைத்தோம். திரும்புகிற இடத்தில் நீள வளைவு வைக்காமல் சின்ன எல்போ போட்டிருந்தார்கள். சரியாக ஒட்டாத இணைப்பு வழியே சிமெண்ட் பால் இறங்கிக் கல்லாகிக் கிடந்தது. குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கேபிள் நிறைக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு; அங்கே மூச்சுவிட இடமில்லாமல் திணித்திருந்தார்கள். குழாய்க்குள் சூடு லேசில் ஆறாது. சாதாரண பிவிசி இன்சுலேஷன் தாங்குவது 70 டிகிரி வரைதான்.

போட்டவர் யாரென்று பட்டறைக்காரருக்கே தெரியவில்லை. வேலை நின்று கூலி இழந்தது ஆபரேட்டர் பையன்கள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். தரைக்கு அடியில் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர்கள் வேறு சிலர். அடுத்த பிறவியில் அவருக்கு வந்து சேரும் என்றாலும், இந்தப் பையன்களுக்குப் போன கூலி போனதுதான். மேலே இருப்பவன் பார்க்கிறான் என்ற பதிலும் எனக்குப் போதவில்லை. அது ஆண்டவனை சூப்பர்வைசர் வேலைக்கு இறக்கிவிடுகிறது.

எனக்கு வழி காட்டுபவர் பூசலார். திருநின்றவூரில், கையில் பொருள் இல்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் ஈசன் தோன்றி, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் குடமுழுக்கைத் தள்ளிவை என்று சொன்னதைத்தான் எல்லோரும் வியப்பார்கள். நான் வியப்பது வேறு. பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்தக் கட்டுமானத்தை வரிசையாகச் சொல்கிறார்: நல்ல நாள் பார்த்து அடித்தளம், பிறகு சிகரம், கிணறு, மதில், குளம். மனக்கோயிலுக்கு அஸ்திவாரம் எதற்கு? இல்லாவிட்டாலும் இடிந்து விழாது, பார்க்கவும் ஆளில்லை. ஆனாலும் போட்டார். கோயில் என்றால் அஸ்திவாரம் உண்டு, அவ்வளவுதான். வேலையின் நியாயம் வேலைக்குள்ளேயே இருக்கிறது என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாக வேறு யாரும் காட்டியதில்லை.

அவர் கோயிலால் யாருக்கும் கேடு வர வழியில்லை. என் குழாயின் மறுமுனையிலோ ஓர் ஆள் இருக்கிறார். இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற, ஒருவேளை இன்னும் பிறக்காத வயர்மேன். அவருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தால் என்னை நினைக்கக்கூட மாட்டார். கைம்மாறு வர வழியே இல்லாத இந்தக் கடனைத்தான் நான் அறம் என்று நம்புகிறேன்.

வீடோ பட்டறையோ கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் நேரில் போய் நில்லுங்கள். குழாய் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று டேப் பிடித்து அளந்து, போட்டோ எடுத்து, பத்திரத்தோடு வையுங்கள். கூடவே ஒரு ஸ்பேர் குழாய் போட்டு, உள்ளே இழுகம்பி விட்டு, இரண்டு முனையையும் மூடச் சொல்லுங்கள்.