காரணம் சொல்லும் கடமை

நீதிபதி தன் தீர்ப்புகளின் வழியாகத்தான் பேச வேண்டும் என்பது நீதித்துறையின் பழைய மரபு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1997இல் தங்களுக்கென்று ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளிலும் அது இருக்கிறது. அரசியல் விவகாரங்களில் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது, பத்திரிகைகளுக்குப் பேட்டி தரக் கூடாது. அதனாலோ என்னவோ, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் பேச வருகிறார் என்றால் அரங்கம் நிரம்பிவிடுகிறது. நானும் போய் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

வரவேற்புரையில் மனுநீதிச் சோழன் தவறாமல் வந்தார். நீதிபதிகளை வரவேற்கும் எவரும் பாண்டியனைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் நீதியைப் பற்றி அதிகம் கற்றுத்தருவது அவன் கதைதான். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டவன், கோவலனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உரையின் பெரும்பகுதி எதிர்பார்த்தபடியே இருந்தது. நடுவில் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் என்னோடு வீடுவரை வந்தது. முடிவெடுப்பது அவ்வளவு கடினமில்லையாம். அதற்கான காரணத்தை எழுதுவதுதான் கடினமாம். வாதம் கேட்கும்போதே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எழுத உட்கார்ந்தால் சில சமயம் காரணம் நிற்காது. அப்போது முடிவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

காரணம் கேட்கும் உரிமை நமக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. ஏன் என்று கேட்டார். பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. ஏழு நீதிபதிகள் அமர்வு 1978 ஜனவரியில் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவரின் சுதந்திரத்தைத் தொடும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்பதை அது நிலைநிறுத்தியது. ஆனாலும் அலுவலகங்களில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று மட்டும் சொல்லும் இடமாறுதல் ஆணைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அலுவலகத்தை விடுங்கள். பெண் எந்த ஊர்க் கல்லூரியில் படிக்கலாம், வயதான அம்மா எந்தப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், மருமகள் வேலைக்குப் போகலாமா என்றெல்லாம் வீட்டுக்குள் தீர்ப்புகள் வந்தபடி இருக்கின்றன. யாருடைய வாழ்க்கையோ அவர் பெரும்பாலும் அந்தப் பேச்சில் இருப்பதில்லை. காரணம் கேட்டால், “நான் சொன்னா சரியா இருக்கும்” என்பார்கள். மேல்முறையீடும் கிடையாது.

குழந்தை ஐஸ்கிரீம் கேட்கும்போதெல்லாம் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியாதுதான். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. காரணம் எழுதிவிட்டதாலேயே முடிவு சரியாகிவிடாது. நெருக்கடிநிலையின்போது, 1976 ஏப்ரலில், சிறைவைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் பக்கம்பக்கமாகக் காரணம் எழுதித்தான் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

ஆனால் அந்த நால்வரும் எழுதி வைத்திருந்தார்கள். எதை நம்பினார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று பின்னால் வந்தவர்கள் வரிவரியாகப் பார்க்க முடிந்தது. 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. தவறு என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். பழைய தீர்ப்பை எழுதிய நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. நம் வீடுகளில் அப்பாவின் முடிவு தவறென்று மகனுக்குத் தோன்றினாலும், எடுத்துப் பார்க்க எதுவும் இருக்காது; மனஸ்தாபம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நால்வரில் இன்னொருவர் பி.என். பகவதி. மேனகா காந்தி வழக்கின் முதன்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. 1976இல் தான் எடுத்த முடிவு தவறென்று 2011இல் வெளிப்படையாக வருந்தினார். முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. தாமதம்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய பதவிகளில் இருந்தவர்கள் எத்தனை பேர் இவ்வளவாவது சொல்லியிருக்கிறார்கள்?

கேள்வி நேரத்தில் மாணவர்கள் நீதிபதித் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று கேட்டார்கள், கொலீஜியம் பற்றிக் கேட்டார்கள், நிலுவையில் இருக்கும் ஒரு வழக்கில் யார் ஜெயிப்பார்கள் என்றுகூட ஒருவர் கேட்டுச் சிரிப்பை வாங்கினார். எழுதிய காரணங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மைக் பின்வரிசைக்கு வருவதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது.

உங்கள் ஊர்க் கல்லூரிக்கு நீதிபதி யாராவது வந்தால் தாராளமாக செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்: “ஐயா, நீங்கள் எழுதிய தீர்ப்புகளில் எதன் காரணங்கள் இன்று உங்களுக்கே போதவில்லை?” அதே கேள்வியை உங்கள் மகளோ மகனோ உங்களிடம் கேட்டால், தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.